ஏஎம்ஹெச் 0.9, கணவருக்கு இன்னும் எதுவும் பார்க்கவில்லை

கேள்வி, 2025 ஜனவரி 6

எனக்கு வயது 33. எட்டு மாதமாக முயற்சி செய்கிறோம். பீரியட்ஸ் 26, 27 நாளுக்கு ஒரு முறை சரியாக வருகிறது. ஏஎம்ஹெச் 0.9 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. "முட்டை தீர்ந்துகொண்டே வருகிறது, நேராக ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவுறச் செய்வது) போய்விடலாம், இந்த மாதமே ஊசி தொடங்கலாம்" என்று மருத்துவமனையில் சொல்கிறார்கள். கணவருக்கு இன்னும் எதுவும் பார்க்கவில்லை. "அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எப்படியும் இக்ஸிதான் (ஒரு விந்தணுவை எடுத்து முட்டைக்குள் செலுத்துவது)" என்று சொல்லிவிட்டார்கள். 0.9 என்றால் கதை முடிந்ததா? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

பதில், ஜனவரி 6, இரவு

முதலில் அவருக்கு விந்தணுப் பரிசோதனை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஜனவரி 7

நேற்று ஒரு வரியை எறிந்துவிட்டுப் போய்விட்டேன். இப்போது விரிவாக.

ஏஎம்ஹெச் என்பது சினைப்பையில் உள்ள மிகச் சிறிய ஃபாலிக்கிள்கள் (முட்டை வளரும் நுண்பைகள்) சுரக்கும் ஹார்மோன். வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தோராயமாகச் சொல்லும். அவர்களில் யார் தேறுவார் என்று அதற்குத் தெரியாது. முட்டையின் தரத்தைப் பெரும்பாலும் வயதுதான் தீர்மானிக்கிறது. இயற்கையாகக் கருத்தரிக்க மாதத்துக்கு ஒரு முட்டை போதும். உங்களுக்கு மாதாமாதம் ஒழுங்காக வருகிறது என்றால் அந்த ஒன்று அநேகமாக வெடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஐவிஎஃப்பில் ஒரே மாதத்தில் எட்டு, பத்து முட்டை வேண்டும். அங்கே எவ்வளவு மருந்து போடலாம், எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க ஏஎம்ஹெச் நன்றாக உதவும். ஊசியின் அளவைச் சொல்ல வந்த எண்ணை எடுத்து, ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதற்கே தீர்ப்பாக வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017இல் ஒரு ஆய்வு வந்தது. 30 முதல் 44 வயது வரை, கருத்தரிப்புச் சிக்கல் ஏதும் முன்பு இல்லாத 750 பெண்கள். ஏஎம்ஹெச் 0.7க்குக் கீழே இருந்தவர்களுக்கு 12 சுழற்சிகளுக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு 84 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். சாதாரண அளவு இருந்தவர்களுக்கு 75. அந்த வித்தியாசத்துக்குப் பொருள் இல்லை, குறைந்தவர்கள் பின்தங்கவில்லை என்பதுதான் செய்தி.

35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஓராண்டு முயன்றும் நிற்காவிட்டால்தான் குழந்தையின்மை என்ற சொல்லே வரும். 35 தாண்டினால் ஆறு மாதம். உங்களுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. அடுத்து, ஏறத்தாழ பாதித் தம்பதிகளில் ஆண் பக்கமும் முழுக் காரணமாகவோ பகுதிக் காரணமாகவோ இருக்கிறது. அந்தப் பாதியைப் பார்க்காமல் உங்கள் வயிற்றில் ஊசி போடுவது என்ன கணக்கு?

ஜனவரி 9

7ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படித்தேன். ஆறுதல் சொல்லும் அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்த 750 பெண்களும் அப்போதுதான் முயற்சியைத் தொடங்கியவர்கள், மூன்று மாதம்கூட ஆகாதவர்கள். நீங்கள் எட்டு மாதம் கடந்தவர். அந்த 84ஐ அப்படியே உங்கள் பெயரில் எழுதிக்கொள்ள முடியாது. 33 வயதுக்கு 0.9 குறைவுதான், அதையும் மறைக்கக் கூடாது. இரண்டு குழந்தை வேண்டும் என்று நினைத்தால் காலம் இன்னும் முக்கியம்.

ஆகவே சும்மா இருங்கள் என்று நான் சொல்லவில்லை. பீரியட்ஸின் 2ஆம் அல்லது 3ஆம் நாள் எஃப்எஸ்ஹெச் (முட்டையை வளரச் சொல்லி மூளையடியிலிருந்து வரும் ஹார்மோன்), எஸ்ட்ராடியால் (சினைப்பை சுரக்கும் பெண் ஹார்மோன்) இரண்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். எஃப்எஸ்ஹெச் மட்டும் பார்த்தால் ஏமாறலாம், எஸ்ட்ராடியால் ஏறியிருந்தால் அது எஃப்எஸ்ஹெச்சை அமுக்கி நல்ல எண் போலக் காட்டும். அதே நாளில் ஸ்கேனில் இரண்டு பக்கமும் ஃபாலிக்கிள் எண்ணிக்கை. சினைப்பையில் எப்போதாவது அறுவை சிகிச்சை நடந்ததா, அம்மாவுக்கோ அக்காவுக்கோ மாதவிலக்கு சீக்கிரம் நின்றதா என்றும் சொல்லுங்கள். குடும்பத்தில் அப்படி இருந்தால் ஃப்ராஜைல் எக்ஸ் (சினைப்பை சீக்கிரம் ஓய்வதோடு தொடர்புள்ள மரபணு மாற்றம்) சோதனையைப் பற்றிக் கேட்பது நல்லது. முன்பு 30 நாள் சுழற்சியாக இருந்து இப்போது 26க்குச் சுருங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த ஏஎம்ஹெச்சா? அப்படியானால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டியிருக்கும்.

ஜனவரி 9, மறுபடி

ஒருவர் "எனக்கு 6.4 வந்தது, ஏராளமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்" என்கிறார். அலகைப் பாருங்கள். நானோகிராம் கணக்கு வேறு, பிகோமோல் கணக்கு வேறு. மில்லிக்கு ஒரு நானோகிராம் என்பது லிட்டருக்கு 7.14 பிகோமோல். உங்கள் 6.4 பிகோமோல் என்றால் அதுவும் இந்தச் சகோதரியின் 0.9தான். ஒரே அளவு, ஒருவருக்குத் தூக்கம் போயிற்று, இன்னொருவர் கொண்டாடியிருக்கிறார்.

ஜனவரி 12

எங்கள் கதையைக் கேட்டிருக்கிறீர்கள். சரி.

என் மனைவியின் ஏஎம்ஹெச் 9. உங்களைப் போலப் பத்து மடங்கு. வரிசையில் கூட்டம் நெரிகிறது, வெளியே வரத்தான் ஆளில்லை. பீரியட்ஸ் 40 நாள், 55 நாள் என்று வரும். பிசிஓஎஸ் என்கிற பாலிசிஸ்டிக் ஓவரி சிக்கல்.

எல்லோரும் "நீர்க்கட்டி" என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் கட்டியைக் கரைக்கவேண்டும், எடுக்கவேண்டும் என்று மனம் போய்விடுகிறது. ஸ்கேனில் தெரிவது கட்டி அல்ல, பாதியில் வளர்ச்சி நின்றுபோன ஃபாலிக்கிள்கள். 1935இல் ஸ்டைன், லெவென்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பார்த்து எழுதியதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2003இல் ராட்டர்டாமில் கூடி வகுத்த விதிப்படி மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ்: ஒழுங்கற்ற சுழற்சி, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் அந்தத் தோற்றம். ஆக ஸ்கேனில் ஒன்றுமே தெரியாமலும் பிசிஓஎஸ் இருக்கலாம். 2023இன் சர்வதேச வழிகாட்டுதல், வயது வந்தவர்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏஎம்ஹெச்சையே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது.

முதலில் போன இடத்தில் எல்லோருக்கும் போலவே 21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் (முட்டை வெடித்த பிறகு ஏறும் ஹார்மோன்) எடுத்தார்கள். மிகக் குறைவு. "முட்டை வெடிக்கவில்லை" என்று எழுதிவிட்டார்கள். 21 என்ற நாள் 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கு. அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்பு எடுக்கவேண்டும் என்பதுதான் அதன் பொருள். 40 நாள் சுழற்சியில் 21ஆம் நாளன்று, வெடிக்க இன்னும் ஐந்து நாள் போல இருக்கிறது! பேருந்து வருவதற்கு முன்பே நிறுத்தத்தைப் படம் பிடித்துவிட்டு, இந்த வழியில் பேருந்தே இல்லை என்று சொன்ன மாதிரி.

அப்புறம் வேறு டாக்டர். லெட்ரோசோல் கொடுத்தார். அது மார்பகப் புற்றுநோய்க்கான மாத்திரை என்று மருந்துத் தாளில் படித்துவிட்டு அவள் அழுதாள். உண்மையில் பிசிஓஎஸ் பெண்களுக்கு முட்டை வெடிக்க வைக்க இதுதான் இப்போது முதல் மருந்து. 2014இல் 750 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், ஐந்து சுழற்சி வரை கொடுத்துப் பார்த்ததில் லெட்ரோசோலில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, பழைய குளோமிஃபீனில் 19.1. யாராவது முன்பே இதைச் சொல்லியிருந்தால் ஓர் இரவு அழுகை மிச்சமாகியிருக்கும்.

ஐந்து சுழற்சி போட்டாள். முட்டை வெடித்தது, ஸ்கேனில் கண்ணால் பார்த்தோம். டியூப் டெஸ்ட்டும் எடுத்தார்கள், இரண்டு கருக்குழாயும் திறந்திருந்தன. ஒன்றும் நிற்கவில்லை. இதற்கிடையே என் பரிசோதனை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 13

"எந்த டாக்டரிடம் போவது?" என்று மூன்று பேர்.

சாதாரண மகப்பேறு மருத்துவர் தொடக்கப் பரிசோதனைகளையும் லெட்ரோசோல் போன்றவற்றையும் தாராளமாகக் கையாளலாம். நாலைந்து சுழற்சியில் எதுவும் நகரவில்லை, வயது 35 தாண்டியாயிற்று, கருக்குழாய் அடைப்பு, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது), இரண்டு மூன்று கருச்சிதைவு என்றால் கருத்தரிப்பு மருத்துவத்தில் தனியாகப் பயின்றவரிடம் போகவேண்டும். 40 வயதுக்கு முன் மாதவிலக்கு நின்றுபோனால் குழந்தை வேண்டாம் என்று இருப்பவர்களும் போகவேண்டும், ஏனென்றால் எலும்பும் இதயமும் அந்த ஹார்மோனை நம்பி இருக்கின்றன. ஆணுக்கு ஆண்ட்ராலஜிஸ்ட், அதாவது ஆண் கருவளத்தைப் பார்ப்பவர். பிட்யூட்டரி, தைராய்டு சிக்கல் என்றால் ஹார்மோன் மருத்துவரான எண்டோகிரைனாலஜிஸ்ட்.

ஒரு சின்ன எச்சரிக்கை. என் மனைவிக்குப் புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) 48 என்று வந்தது. வரம்பு 25 சொச்சம். மூளை ஸ்கேன் வரை பேச்சு போய்விட்டது. கடைசியில் வாந்திக்கு அவள் போட்டுக்கொண்டிருந்த டோம்பெரிடோன் மாத்திரைதான் காரணம். நிறுத்திவிட்டு, டாக்டர் சொன்னபடி எழுந்து சில மணி நேரம் கழித்து, வெறும் வயிற்றில், கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்ந்த பிறகு எடுத்தால் 14. சில மனநல மருந்துகளும் இப்படி ஏற்றும், ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் ஏறும், ஆகவே டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். முடிக்காகப் பயோட்டின் வைட்டமின் சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். சில பரிசோதனை முறைகளில் அது எண்ணையே மாற்றிவிடும்.

ஜனவரி 16

கேட்டவர் எழுதியிருக்கிறார்: "கணவர் ஒத்துக்கொண்டார், ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?"

இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் இடைவெளி விட்டுக் கொடுக்கவேண்டும். முழுவதும் பாத்திரத்தில் விழவேண்டும். முதல் பகுதி சிந்திவிட்டால் அதைச் சொல்லிவிடவேண்டும், பெரும்பாலான விந்தணு அதில்தான் இருக்கும். கூச்சத்தில் சொல்லாமல் விட்டுவிட்டு மூன்று மாதம் கவலைப்பட்டவர்கள் உண்டு. வீட்டில் எடுத்தால் உடலோடு ஒட்டி வைத்துச் சூடு ஆறாமல் ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்கவேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் உள்ள கீழ் எல்லைகள்: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி, மொத்தம் 3.9 கோடி, அசைபவை 42 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை 30, சரியான வடிவம் 4 சதவீதம். இவை பாஸ் மார்க் அல்ல. ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை வரிசையாக நிறுத்தி, அடியில் இருந்த 5 சதவீதத்தை வெட்டிய இடம். அதற்குக் கீழே இருந்தும் அப்பாவானவர்கள் அந்த 5 சதவீதத்திலேயே இருக்கிறார்கள். மேலே இருந்தும் ஆகாதவர்களும் இருக்கிறார்கள். 4 சதவீத வடிவத்தைப் பார்த்து "96 சதவீதம் ஊனமா?" என்று பதறாதீர்கள். ஆண்களின் பொதுவான லட்சணமே அவ்வளவுதான்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை மட்டும் நம்பாதீர்கள். விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ இரண்டரை மாதம். இன்று எண்ணுவது இரண்டரை மாதம் முந்தைய உடம்பை.

ஜனவரி 16, நள்ளிரவு

12ஆம் தேதி "யாரும் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அது பொய். கேட்டார்கள்.

ஜனவரி 18

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். இதுவும் பழக்க தோஷம்தான்.

முதல் நாளே அந்த டாக்டர் எனக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் போகவில்லை. இரண்டாவது முறை கேட்டபோது வேலை என்றேன். மூன்றாவது முறை, "வேறு இடத்தில் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல், ரிப்போர்ட்டை அடுத்த முறை கொண்டுவருகிறேன்" என்றேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், நிம்மதியில்.

எடுக்கவே இல்லை. ஏன் என்றால், அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பிருந்து நான் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். சோர்வாக இருக்கிறது என்று உடற்பயிற்சிக் கூடத்தில் சொன்னேன், ஒருவர் வழி காட்டினார். வாரம் ஒரு ஊசி. சோர்வு போனது, தோள் அகன்றது. ஆண்மைக்கான ஹார்மோன் குழந்தைக்கும் நல்லதுதானே என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு நாள் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. அதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கும் வரி.

உள்ளே நடப்பது இது. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டையும் அனுப்பி விரையை வேலை வாங்குகிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் கொட்டினால், ரத்தத்தில் போதுமான அளவுக்கு மேல் இருக்கிறது என்று பிட்யூட்டரி கடையைச் சாத்திவிடும். விரைக்குள் விந்தணு உருவாக ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் அங்கேயே சுரக்கவேண்டும். கட்டளை நின்றால் அதுவும் நிற்கும். ரத்தத்தில் வெள்ளம், விரையில் வறட்சி. உலக சுகாதார நிறுவனமே இதை ஆண் கருத்தடையாகப் பரிசோதித்து 1990இல் வெளியிட்டது. 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம். 157 பேருக்கு விந்தணு முழுவதும் நின்றது. அவர்களை நம்பி வேறு தடுப்பில்லாமல் இருந்த தம்பதிகளில் ஓராண்டில் ஒரே ஒரு கர்ப்பம். நான் போட்டுக்கொண்டது அதே கருத்தடை.

ஐயூஐ (கழுவிய விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது) நாளில் வெளிப்பட்டது. அன்றைக்கு முன்தினம் அவளுக்கு முட்டையை வெடிக்க வைக்கும் ட்ரிக்கர் ஊசி போட்டாயிற்று. அவள் உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். என் மாதிரியைக் கழுவித் தயார் செய்ய எடுத்துப் போன பெண் திரும்பி வந்து, "மறுபடி ஒரு முறை கொடுக்க முடியுமா சார்?" என்றார். கொடுத்தேன். சுழற்றி, அடியில் படிந்ததையும் தேடிப் பார்த்தார்கள். ஒன்றுகூட இல்லை.

ஆண்ட்ராலஜிஸ்ட் ஒரு கயிற்றில் கோத்த மணிகளை எடுத்தார். முட்டை வடிவில், 1 மில்லியிலிருந்து 25 மில்லி வரை வரிசையாகப் பன்னிரண்டு. விரையின் அளவை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எனக்கு 10 மில்லி மணி. பிறகு ரத்த ரிப்போர்ட்: டெஸ்டோஸ்டிரோன் உச்சத்தில், எல்ஹெச்சும் எஃப்எஸ்ஹெச்சும் ஏறக்குறைய பூஜ்யம். அவர் "ஊசி போடுகிறீர்களா?" என்று கேட்கவில்லை. "எந்த ஊசி, எத்தனை மாதம்?" என்றார். ஒன்றரை ஆண்டு, பிறகு இந்த ஓராண்டு என்று சொன்னேன். இதையெல்லாம் மனைவி முன்னால்தான் சொன்னேன், அவள் அந்த அறையில் இருந்தாள்.

அந்த ஓராண்டில் அவளுக்குப் போட்ட ஒவ்வொரு மாத்திரையும், எடுத்த ஒவ்வொரு ஸ்கேனும், டியூப் டெஸ்ட்டின் வலியும் வீண். அவள் முட்டை ஒழுங்காக வெடித்தது. எதிரே யாரும் வரவில்லை.

ஜனவரி 19

"டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லும் விந்தணுவை நிறுத்துமா?" என்று ஒருவர். ஆமாம், ஜெல்லும் அப்படித்தான். கூடுதலாக, தோலோடு தோல் பட்டால் மனைவிக்கும் குழந்தைக்கும் ஒட்டும்.

"மருத்துவரே கொடுத்தது" என்பவருக்கு: உண்மையான குறைபாட்டுக்கு அது நல்ல மருந்துதான். குழந்தை வேண்டும் என்று அவரிடம் சொன்னீர்களா? சொன்னால் வேறு வழி பார்ப்பார்.

வசவு எழுதியவருக்கு: சரிதான்.

ஜனவரி 23

கனமாகிவிட்டது, கொஞ்சம் விலகுகிறேன். "ஐவிஎஃப் ஊசி எதிலிருந்து எடுக்கிறார்கள்?" என்று ஒருவர். இப்போது பெரும்பாலும் ஆய்வகத்தில், மரபணு மாற்றிய உயிரணுக்களில். முன்பு? மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து. சினைப்பை ஓய்ந்த பிறகு பிட்யூட்டரி விடாமல் கத்திக்கொண்டே இருக்கும், ஆகவே அவர்களின் சிறுநீரில் எஃப்எஸ்ஹெச் நிறைய. 1949இல் பியரோ டோனினி என்ற இத்தாலிய வேதியியலாளர் பிரித்தெடுத்தார். பெரிய அளவில் எங்கே சேகரிப்பது? இத்தாலியக் கன்னியாஸ்திரி மடங்களில். வயதானவர்கள் ஓரிடத்தில் இருக்கிறார்கள், நடுவில் ஒரு கர்ப்பிணியின் ஹார்மோன் கலந்துவிடும் பயமும் இல்லை. அந்த மருந்தில் முதல் குழந்தை 1962இல் இஸ்ரேலில் பிறந்தது. துறவிகளின் உபயத்தில் பிறந்த பிள்ளைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு ஏனோ சந்தோஷமாக இருக்கிறது.

1978 ஜூலை 25இல் பிறந்த முதல் டெஸ்ட் டியூப் குழந்தை லூயிஸ் பிரவுனுக்கு இந்த ஊசிகூட இல்லை. அம்மாவுக்குக் கருக்குழாய் அடைப்பு. இயற்கையாக வளர்ந்த ஒரே ஒரு முட்டையை எடுத்தார்கள். முட்டை குறைவு என்று பயப்படுபவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றும். ஆனால் அதுவும் மலிவான ஆறுதல். அந்த ஒன்றுக்கு முன்னால் தோற்றுப்போனவை நிறைய.

ஜனவரி 27

"70 சதவீத வெற்றி என்று போட்டிருக்கிறார்களே?" எதில் 70, எதற்குக் கீழே வகுத்தது என்று கேளுங்கள். ஊசி தொடங்கிய எல்லோரிலுமா, முட்டை எடுத்தவர்களிலா, கரு வைத்தவர்களில் மட்டுமா? நடுவில் ரத்தானவர்களைக் கழித்துவிட்டால் எண் தானாக ஏறும். வெற்றி என்பது ரத்தத்தில் பீட்டா (கர்ப்ப ஹார்மோன்) பாசிட்டிவா, ஸ்கேனில் துடிப்பா, கையில் குழந்தையா? தானமுட்டைச் சுழற்சிகள் சேர்ந்திருக்கின்றனவா? உங்கள் வயதுக்கு எவ்வளவு? இதற்குப் பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமும் ஒரு தகவல்.

கூடுதல் சேவைகள் என்று ஒரு பட்டியல் நீட்டுவார்கள். கருப்பையின் உட்சுவரைச் சுரண்டிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்று ஒரு காலம் எல்லோருக்கும் செய்தார்கள். 2019இல் 1,364 பெண்களிடம் பார்த்தால் சுரண்டியவர்களிலும் சுரண்டாதவர்களிலும் குழந்தை பிறந்தது 26.1 சதவீதம். தசம புள்ளிவரை ஒன்று.

இன்னொன்று, அனுபவத்தில் சொல்கிறேன். ட்ரிக்கர் ஊசி போட்ட ஐந்தாம் நாள் வீட்டில் கிட் வைத்துப் பார்க்காதீர்கள். அந்த ஊசியில் இருப்பதும் கிட் தேடுவதும் ஒரே கர்ப்ப ஹார்மோன், ஹெச்சிஜி. உடம்பிலிருந்து போகப் பத்து, பதினான்கு நாள் ஆகும். இரண்டு கோடு பார்த்துவிட்டு நான் குதித்தேன். அவள்தான் ஊசி போட்ட தேதியை எண்ணிக் காட்டினாள்.

பிப்ரவரி 3

"பிறகு என்ன ஆனது?" என்று தினமும் ஒருவராவது.

ஊசியை நிறுத்தினேன். முதல் இரண்டு மாதம் நரகம். உடம்பின் சொந்தச் சுரப்பு எழவில்லை, வெளியிலிருந்தும் இல்லை. தூக்கம், எரிச்சல், எதிலும் ஆசையில்லை. டாக்டர் ஹெச்சிஜி ஊசி கொடுத்தார். அது எல்ஹெச் போல நடித்து விரையை எழுப்பும். நான்காம் மாதம் பூஜ்யம். ஏழாம் மாதம் ஒரு மில்லியில் 20 லட்சம். பதின்மூன்றாம் மாதம் 2.4 கோடி. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் திரும்பிவிடுகிறது, சிலருக்கு இரண்டு ஆண்டு வரை இழுக்கும், எல்லோருக்கும் முழுதாகத் திரும்பும் என்று எந்த டாக்டரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது ஐயூஐயில் நின்றது. மகளுக்கு இப்போது மூன்று வயது. என் பொய் தொடங்கியபோது மனைவிக்கு 29, மகள் பிறந்தபோது 33. அவளுக்கு ஏஎம்ஹெச் 9 இருந்தது, எங்களுக்குக் காலம் மிச்சம் இருந்தது. உங்களுடைய 0.9 இருந்திருந்தால் என் பொய்க்கு வேறு விலை. முதல் நாள் இரவு அந்த ஒற்றை வரியை எழுதியது அதனால்தான். மனைவி மன்னித்துவிட்டாள்.

பிப்ரவரி 10

கேட்டவரிடமிருந்து: எஃப்எஸ்ஹெச் 8.1, எஸ்ட்ராடியால் 38, இரண்டு பக்கமும் சேர்த்து ஃபாலிக்கிள் 9. கணவருக்கு ஒரு மில்லியில் 70 லட்சம், முன்னோக்கி நீந்துபவை 18 சதவீதம். "இப்போது இரண்டு பேருக்குமே குறை" என்று எழுதியிருக்கிறார்.

உங்கள் எண்கள் மோசமில்லை. அவருக்கு ஊசி, ஜெல், காய்ச்சல் ஏதாவது உண்டா என்று கேட்டேன். நவம்பர் கடைசியில் ஐந்து நாள் கடும் காய்ச்சலாம். மாதிரி கொடுத்தது பிப்ரவரி 1. எண்ணிப் பாருங்கள், இரண்டு மாதம் சொச்சம். காய்ச்சலில் கெட்டுப்போன தொகுதியைத்தான் எண்ணியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது. நிச்சயம் என்று சொல்லமாட்டேன். ஆண்ட்ராலஜிஸ்ட் நிற்க வைத்துத் தொட்டுப் பார்க்கட்டும், வெரிகோசீல் (விரைக்கு மேல் ரத்த நாளங்கள் புடைப்பது) இருக்கிறதா என்று தெரியும். மார்ச் கடைசியில் மறுபடி எடுங்கள். அதுவரை நீங்கள் டியூப் டெஸ்ட்டை முடித்துவிடுங்கள், காத்திருப்பை வீணாக்க உங்களுக்கு நேரமில்லை.

மார்ச் 30

அவர் எழுதியது: "2.9 கோடி, 38 சதவீதம். டியூப் இரண்டும் திறந்திருக்கிறது. இன்னொரு டாக்டரைப் பார்த்தோம். இன்னும் நான்கு மாதம் இயற்கையாக, அதற்குமேல் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் ஐவிஎஃப் என்றார். தூக்கம் வருகிறது."

நல்ல டாக்டர். அந்த நான்கு மாதத்தை ஐந்தாக்காதீர்கள்.

ஏப்ரல் 2

மனைவி எல்லாவற்றையும் படித்துவிட்டாள். திருத்தங்கள் கொடுத்திருக்கிறாள், அப்படியே போடுகிறேன்.

லெட்ரோசோல் ஐந்து சுழற்சி அல்ல, ஆறு. வாந்திக்கு மாத்திரை போட்டதற்கே, சர்க்கரை நோய்க்கும் பிசிஓஎஸ்ஸுக்கும் கொடுக்கும் மெட்ஃபார்மின்தான் காரணம், அதை விட்டுவிட்டேன். ஐயூஐ நாளில் அவள் கட்டிலில் படுத்திருக்கவில்லை. வெளியே எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள், "மறுபடி கொடுக்க முடியுமா" என்று கேட்டதும் அவளுக்குக் கேட்டது. நான்தான் அவள் பக்கம் திரும்பவில்லை. டியூப் டெஸ்ட் வீண் என்று எழுதியது தவறு, கருக்குழாய் திறந்திருக்கிறது என்று தெரிந்ததால்தான் பிறகு ஐயூஐ போக முடிந்தது.

கடைசியாக ஒன்று கேட்டாள். "மன்னித்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்களே, நான் எப்போது சொன்னேன்?"

சொல்லவில்லை. பிப்ரவரி 3ஆம் தேதிக் குறிப்பின் கடைசி வரியை அடித்துவிட்டுப் படியுங்கள்.